அஞ்சனமாலையும் அடங்காத நாய்க்குட்டியும்

ஆறுகள் பேசிக்கொண்டும், மனிதர்கள் அதை நின்று கேட்டுக்கொண்டும் இருந்த காலம் ஒன்று வெகு முன்னால் இருந்தது. அந்தக் காலத்தில், ஏழு குன்றுகளுக்கு அப்பால், அஞ்சனமாலை என்று ஒரு மந்திரக்காரி வாழ்ந்தாள். அவள் கையில் ஒரு கருங்காலிக் கோல். அதை உயர்த்தி "வா!" என்றால் வரும், "போ!" என்றால் போகும், "நில்!" என்றால் நிற்கும். மேகமானாலும் சரி, மலைப்பாம்பானாலும் சரி.

அத்தனை சக்தி இருந்தால் சும்மா இருப்பாளா? ஒரு கோடையில், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கச் சோம்பல்பட்டு, பவளாற்றையே "வா!" என்று தன் வாசலுக்கு இழுத்துவிட்டாள். கீழே இருந்த ஊர்களெல்லாம் தொண்டை வறண்டு தவித்தன. ஆற்றுக்கு வந்ததே கோபம்!

"அடியே! நீ ஏவினால் எல்லாம் வரும். ஏவாமல் இனி ஓர் எறும்புகூட உன்னிடம் வராது. என்றைக்கு ஓர் உயிர் தானாக உன்னைத் தேடி வருகிறதோ, அன்றைக்குத்தான் இந்தச் சாபம் தீரும்!" என்று சொல்லிவிட்டு, அது பழைய வழியே திரும்பிப் போனது.

முதலில் அவள் சிரித்தாள். நாளாக நாளாகத்தான் உறைத்தது. சோறு வைத்தால் காக்கை வராது. வேலியோரம் வந்த பூனை அவளைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிவிடும். குயிலை ஏவினால் வந்து கூவும். கூவி முடித்ததும், எப்போது விடுவாய் என்று அவள் முகத்தைப் பார்க்கும். பேச ஆளில்லாமல், அடுப்போடும் அம்மியோடும் பேசத் தொடங்கினாள். பாவம்தான். அவள் செய்ததும் சின்னக் காரியமில்லையே!

ஒரு நாள் வீட்டில் உப்பு தீர்ந்துபோயிற்று. குன்றின் கீழே உப்பு வண்டிகள் போவதைப் பார்த்து, கோலை உயர்த்தி "வா!" என்றாள். உப்பு வணிகர் கடலப்பனும் அவர் மகள் முத்தாயியும் வந்து வாசலில் நின்றார்கள். முத்தாயியின் கையில் கறுகறுவென்று ஒரு பொடி நாய்க்குட்டி.

"இவன் பேரு கடுகு. தாயில்லாத குட்டிம்மா," என்றாள் முத்தாயி. "உப்பு மூட்டை மேலயே ஒண்ணுக்குப் போயிடறான். காட்டுல விட்டுடணும்ங்கறாரு அப்பா."

"பின்னே என்ன தாயே? நனைஞ்ச உப்பை எவன் வாங்குவான்? அதுவும் எதுல நனைஞ்ச உப்பு!" கடலப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

அஞ்சனமாலையின் நெஞ்சு துள்ளியது. வீட்டோடு ஓர் உயிர் இருந்தால், என்றைக்காவது தானாக வராதா?

"எங்கிட்ட விடு கண்ணு. மேகத்தையே அடக்குனவ நான். இந்தப் பொடியனை அடக்க மாட்டேனா?"

முத்தாயி கெட்டிக்காரி. சட்டென்று கொடுத்துவிடவில்லை. "உப்பை வித்துட்டு இதே வழியாத்தான் திரும்புவோம். அப்ப வந்து பாப்பேன். இவன் உங்ககிட்ட தானா வந்தா உங்களுக்குத்தான். ஏவித்தான் வர்றான்னா, அப்பாகிட்ட சண்டை போட்டாவது நானே தூக்கிட்டுப் போயிடுவேன்," என்றாள்.

வண்டிகள் மறையவில்லை, அதற்குள் கடுகு கூடத்து நடுவில் ஒன்றுக்குப் போனான். அஞ்சனமாலை அவன் மூக்கை அந்த ஈரத்தில் அழுத்தி, "சீ! சனியனே!" என்று போட்ட அதட்டலில் ஓடு அதிர்ந்தது.

பிறகு "வெளியே போ!" என்றாள். போனான். கோலும் கையுமாக எதிரில் நின்று முறைத்தாள். ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே வந்த சற்று நேரத்தில், கதவுக்குப் பின்னால் ஈரம்.

கூடத்தைச் சுற்றி மந்திரக்கோடு போட்டாள். அவன் கோட்டைத் தாண்டவில்லை. சமையலறையில், உரலுக்குப் பின்னால் ஈரம்.

அவனையே மரப்பொம்மை ஆக்கினாள். பொம்மை ஈரம் பண்ணவில்லை, வாலும் ஆட்டவில்லை. அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மறுபடி குட்டியாக்கினாள். கட்டிலுக்குக் கீழே ஈரம்.

கதவுக்குப் பின்னால் ஈரம், உரலுக்குப் பின்னால் ஈரம், கட்டிலுக்குக் கீழே ஈரம்! மேகத்தை அடக்கியவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு வீடாக, மன்னிக்கவும், மூலை மூலையாகத் துடைத்தாள்.

கடைசியில் கோலை நீட்டி, "பேசு!" என்றாள். "ஏண்டா இப்படிப் பண்றே?"

கடுகு நடுங்கிக்கொண்டே பேசினான். "உங்க கண்ணுல படாத இடமாத் தேடித்தான் போறேம்மா."

"வெளியேதான் விட்டேனே! அங்க போனா என்ன?"

"அங்கயும் நீங்க பாத்துக்கிட்டே நின்னீங்களே. உங்க முன்னாடி போனா தப்புன்னுதானே மூக்கை அழுத்திச் சொன்னீங்க? அவசரம்னு வந்தா, முதல்ல உங்ககிட்டேருந்துதான் ஓடி ஒளியறேன்."

அஞ்சனமாலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன்னைத் தேடி ஓர் உயிர் வர வேண்டும் என்று ஏங்கியவள், வந்த ஒரே உயிருக்கும் தன்னிடமிருந்து ஓடத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. நாம் மட்டும் என்னவாம்? பயமுறுத்தி வைத்துவிட்டு, ஏன் மறைத்தாய் என்று கேட்காத வீடு எது?

"போதும்டா கடுகு. இனி உன்னை ஏவ மாட்டேன்," என்று அவனைப் பேசவைத்த மந்திரத்தை எடுத்துவிட்டு, கோலைப் பரணில் போட்டாள்.

அதற்கப்புறம் மந்திரம் இல்லை, வேலைதான் இருந்தது. அவன் தூங்கி எழுந்தால் வாசல் புங்கமரத்தடி, தின்று முடித்தால் புங்கமரத்தடி, ஆடி ஓய்ந்தால் புங்கமரத்தடி. அங்கே கொண்டுபோய் விட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் போய் முடித்ததும், "என் ராசா!" என்று கொஞ்சி ஒரு துண்டு கருவாடு கொடுப்பாள். உள்ளே தவறிப் போனால் அதட்ட மாட்டாள். வாடை போக எலுமிச்சம்பழம் பிழிந்து துடைப்பாள். போவதற்கு முன் அவன் தரையை முகர்ந்து வட்டமடிப்பான் என்று தெரிந்துகொண்டாள். ஓர் உயிருக்கு என்ன வேண்டும் என்று அவள் உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த வேளையில், அவளுடைய புலித்தோல் ஆசனத்தை நனைத்து வைத்தான். அவள் அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். கடுகு ஒடுங்கினான். ஓங்கிய கையால் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டாள்.

உப்பு வண்டிகள் திரும்பி வந்தன. மழை தூறியதால், மிஞ்சிய மூட்டையைக் கூடத்தில் இறக்கிக் கதவைச் சாத்தினார் கடலப்பன். கடுகு பாய்ந்து போய் முத்தாயியின் மேல் விழுந்து, அவள் முகத்தை நக்கித் தீர்த்தான். மந்திரக்காரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்கிட்டதாம்மா வர்றான்," என்றாள் முத்தாயி, தயங்கித் தயங்கி.

அஞ்சனமாலை பரணை நிமிர்ந்து பார்த்தாள். கோலுக்குக் கை நீட்டினால் போதும். "வா!" என்று ஒரு சொல் போதும். அவள் கை நீட்டவில்லை. "அவனுக்கு எங்க இஷ்டமோ, அங்கயே இருக்கட்டும் கண்ணு," என்றாள்.

அப்போது கடுகு சட்டென்று விளையாட்டை நிறுத்தினான். தரையை முகர்ந்தான். உப்பு மூட்டையின் பக்கத்தில் ஒரு வட்டம் அடித்தான்.

"ஐயையோ, உப்பு!" கடலப்பன் மாடு ஓட்டும் தார்க்குச்சியை ஓங்கினார்.

கடுகு மூட்டையை விட்டான். முத்தாயியைத் தாண்டினான், கடலப்பனைத் தாண்டினான், நேராக அஞ்சனமாலையிடம் ஓடிவந்து அவள் காலைப் பிறாண்டினான். அவள் முகத்தைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கடுகு புங்கமரத்தடிக்குப் பறந்தான். திறந்த கதவு வழியாக முதலில் ஒரு கொசு உள்ளே வந்து, அவள் முழங்கையில் உட்கார்ந்து, நறுக்கென்று கடித்தது.

"கொசும்மா! அடிங்க!" என்றாள் முத்தாயி.

"வேணாம், கடிச்சுக்கட்டும்," என்றாள் அஞ்சனமாலை. அவள் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "நான் கூப்பிடலையே கண்ணு. ஒருத்தரையும் கூப்பிடலையே!"

அவளும் கடுகும் வெகு காலம் நன்றாக இருந்தார்கள். நீங்களும் நன்றாக இருங்கள். அதோ, யாரோ உங்கள் கதவைப் பிறாண்டுகிறார்கள். கதை முடிந்தது, எழுந்து போய்த் திறந்துவிடுங்கள்.