ஞானசுந்தரி டீச்சர் வீட்டுச் செம்பருத்தியை என் ஆடு மேய்ந்த கதை

என் வெள்ளாட்டுக்கு ருசி தெரியும். தெருவில் இத்தனை வேலி இருக்க, ஞானசுந்தரி டீச்சர் வீட்டு அடுக்குச் செம்பருத்தியைத்தான் போய் மொட்டையடித்தது. நான் ஓடிப் போய்ப் பார்க்கும்போது ஆடு கேட்டில் கட்டிக் கிடக்கிறது. டீச்சர் கையில் கடப்பாரை. செடியை வேரோடு தோண்டி எறிந்துவிட்டு ஆட்டைக் கறிக்கடைக்கு அனுப்புவதாக உத்தேசம். ஆடு போய்விட்டால் காலையில் என் காப்பிக்குப் பால் ஏது?

“கடப்பாரையைக் கீழே வைங்க டீச்சர்,” என்றேன். “ஆடு தின்னது இலையைத்தானே? உசுரு வேர்ல இருக்கு. கடிபட்ட நுனியைச் சாய்வா வெட்டிவிட்டு, மண்ணு காயாம தண்ணி ஊத்துங்க. உரம் கிரம் இப்போ வேண்டாம். எட்டே நாள்ல துளிர்த்துடும். சொல்லப்போனா, என் ஆடு வாய் வச்ச செடிக்குத்தான் வேகம் ஜாஸ்தி.”

எதிர்வீட்டு டெய்லர் பேச்சிமுத்து தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டான். “அண்ணாச்சி ஆரம்பிச்சாச்சு!”

“நீ சும்மா இருடே. முன்னாடி எங்க வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்துல. இதே ஆடு எங்க செம்பருத்தியைக் குச்சியாக்கிட்டுது. நான் இப்போ சொன்ன வைத்தியந்தான் பண்ணினேன். துளிர் விட்டுது பாருங்க, படபடன்னு ஒரே சத்தம்! பக்கத்து வீட்டம்மா சோளம் பொரிக்கிறோம்னு நினைச்சுக் கிண்ணத்தோட வந்துட்டாங்க.”

டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். அது போதுமே எனக்கு.

“காயப்போட்டிருந்த என் வேட்டியை, வளர்ந்த வேகத்துல ஒரு கொப்பு மேலே தூக்கிட்டுப் போயிட்டுது. வாய்க்கால் தண்ணிக்காக அருவாளோட நின்ன ரெண்டு ஊர்க்காரங்களும் உச்சியில வெள்ளை வேட்டி பறக்கறதைப் பார்த்து, எதிராளி சமாதானத்துக்கு வந்துட்டான்னு வீட்டுக்குப் போயிட்டாங்க.”

“அதுவரைக்கும் நீங்க என்னத்தைக் கட்டியிருந்தீங்க?” என்றான் பேச்சிமுத்து.

“இலையைத்தான். ஒரு இலை எட்டு முழம். கரை மட்டுந்தான் இல்லை.”

ஆடு என்னைப் பார்த்து ஒரு கத்து கத்தியது. சாட்சி சொல்கிறது என்றேன்.

“அப்புறம் பூத்துது. ஒரே பூ. சூரியன் எந்திரிச்சு வந்து, நம்ம இடத்துல யாரோ உக்காந்திருக்காங்கன்னு திரும்பிப் போகப் பார்த்துது. செவப்பைப் பார்த்துட்டு ரயிலு நின்னு போச்சு!”

“ரயிலு சிக்னலைப் பார்த்து நிக்கும். பூவைப் பார்த்தா நிக்கும்?”

“டிரைவர் புதுசுடே. ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ‘ஐயா, உங்க ஆட்டை ஏத்திவிட்டு அந்தப் பூவைத் தின்னச் சொல்லுங்க’ன்னு. ஏத்திவிட்டேன். அது உச்சியை மேய்ஞ்சு முடிக்கறதுக்குள்ள அடியில துளிர்த்துடும். அடிக்கு வந்தா உச்சியில துளிர்த்துடும். கடைசியில மேலேயே குட்டி போட்டுட்டுது. கீழே இறங்கும்போது குட்டிகளுக்குத் தாடி முளைச்சிருந்துது. தரையைப் பார்த்துப் பயந்து, மறுபடியும் மேலே ஏறிட்டுதுக.”

பேச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டான். டீச்சர் மட்டும் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இப்படிப்பட்ட ஆட்டைக் கறிக்கடைக்கு அனுப்பினா பாவம்,” என்றார் டீச்சர்.

“அதைத்தான் நானும் சொல்றேன்!” என்று கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

“விடுங்க. அது இங்கேயே கெடக்கட்டும். கொல்லையில நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் சோர்ந்து போய்க் கெடக்கு, அதுலயும் வாய் வைக்கட்டும். செம்பருத்தியில முதல் பூவைப் பார்த்ததும் உங்க ஆட்டை நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் தினமும் வந்து தண்ணி ஊத்திட்டு, பாலைக் கறந்து குடுத்துட்டுப் போங்க.”

பேச்சிமுத்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மிஷின் ஓடுகிற சத்தம் தோற்றது.

மறுநாள் காலையில் போனேன். தண்ணீர் ஊற்றினேன். பால் கறந்தேன். டீச்சர் அந்தப் பாலில் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். மணம் என் மூக்கைத் துளைத்தது. பொறுக்கவில்லை.

“டீச்சர், விடியறதுக்குள்ள செம்பருத்தி பூத்துட்டுது!”

“எங்கே பூ?”

வெறுங்குச்சியைப் பார்த்தேன். ஆட்டைப் பார்த்தேன்.

“உங்க ஆடு தின்னுட்டுது டீச்சர்.”

அவர் டம்ளரை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: “தின்னா நல்லதுதானே? இன்னொரு தடவை துளிர்க்கட்டும். நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாங்க.”