தட்டு எடுத்துக் கொடுத்தவள்

கபடி மாஸ்டர் சந்தனமாரிக்குச் சிஷ்யைகள் உண்டு, ஆசிரமம் கிடையாது. அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்த பொட்டல்தான் எல்லாம். மாஸ்டர் பெண்தான். வயதும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஒரு காலத்தில் மாவட்ட அணியில் இடது கார்னர் நின்றவர். முழங்கால் போன பிறகு விசிலைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு பெண்ணை மாஸ்டர் என்று கூப்பிடலாமா என்று ஊர் கொஞ்ச நாள் யோசித்துப் பார்த்தது. பிறகு ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

அவர் அதிகம் பேசமாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். ஏதாவது கேட்டால் செய்து காட்டுவார். இல்லாவிட்டால் கேட்டவளை எங்காவது கூட்டிக்கொண்டு போவார்.

அவரிடம் படித்தவர்களில் பேர் வாங்கியவள் தெய்வானை. மாநில அணிக்கு ஆடினாள். ரயில்வேயில் வேலை கிடைத்தது. போன வருஷம் குழந்தைத் திருமணத் தடுப்புக்கு அவளைத் தூதர் ஆக்கினார்கள். பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடச் சுவர் என்று திரும்பின பக்கமெல்லாம் அவள் போஸ்டர்தான். அதில் ஜெர்சி போட்டுக்கொண்டு, உள்ளங்கையை நீட்டி, நில் என்று சொல்கிற மாதிரி நிற்பாள். கீழே, படிக்கும் வயதில் கல்யாணம் வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அந்தச் சுவர்களில் சாய்ந்துகொண்டுதான் ஊர் பெண் பார்க்கிற பேச்சைப் பேசியது.

ஒருநாள் சாயங்காலம் தெய்வானை பொட்டலுக்கு வந்தாள். ஏதோ ஒரு விழாவிலிருந்து நேராக வந்திருக்கிறாள் போல. தோளில் போட்ட சால்வையை எடுக்கக்கூட இல்லை. பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். மாஸ்டர் விசில் ஊதி அவர்களைக் கோட்டுக்குள் அனுப்பினார்.

"மாஸ்டர், நம்ம பேச்சிக்குக் கல்யாணம் ஆயிருச்சாமே?"

"ஆயிருச்சு."

"எப்போ?"

"ஆவணியில. மலைக்கோயில்ல வெச்சு. விடியறதுக்கு முன்னாடியே முடிச்சுட்டாங்க."

"அவளுக்குப் பதினஞ்சுதானே மாஸ்டர்?"

மாஸ்டர் பொட்டலைப் பார்த்தார். ஆறு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். இடது மூலையில் யாரும் இல்லை.

பேச்சி அங்கேதான் நிற்பாள். பத்தாவது படிக்கிற பெண். குச்சி மாதிரிதான் இருப்பாள், ஆனால் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள். தெய்வானைக்கே அந்தப் பிடியில் விழுந்து வாய்க்குள் மண் போயிருக்கிறது. அன்றைக்கெல்லாம் பேச்சிக்குத் தலைகால் புரியவில்லை. தெய்வானை லீவில் வந்தால் அவள் பையை வேறு யாரும் தூக்கக்கூடாது. அக்கா மாதிரி ரயில்வேயில் சேரப்போகிறேன் என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு பேச்சு இருந்ததில்லை.

தெய்வானை கோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"ஊர் ஊராப் போயிப் பேசுறேன் மாஸ்டர். தொண்டை கட்டிப்போகுது. கை தட்டுறாங்க, செல்பி எடுத்துக்கிறாங்க, சால்வை போடுறாங்க. ஆனா சொந்தப் பொட்டல்ல ஒருத்தியக் காப்பாத்த முடியல. ஒரு ஆட்டக்காரி சொல்லி இந்த ஊர் எதைக் கேக்குது? ஆடச் சொன்னா ஆடிட்டு வாயை மூடிக்கிட்டுப் போயிருக்கணும். தூதரும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு எழுதிக் குடுத்திறலாம்னு இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

மாஸ்டர் பிள்ளைகளிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

"வா. பேச்சியப் பாத்துட்டு வருவோம்."

"இப்பவா?"

"பின்ன?"

"கார் நிக்குது மாஸ்டர்."

"கார் வேணாம். அந்தத் தெருவுல கார் வந்தா கூட்டம் கூடிரும்."

மாஸ்டரின் பழைய மொபட்டில் போனார்கள். பேச்சி வாழ்க்கைப்பட்ட ஊர் பக்கத்தில்தான். வழியில் பள்ளிக்கூடச் சுவரில் தெய்வானை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த தெய்வானை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பேச்சியின் மாமியார் வேறு யாருமில்லை, அவளுடைய தாய்மாமன் பெண்சாதிதான். தெய்வானையை அடையாளம் தெரிந்ததும் அந்த அம்மாளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"வாங்க தாயி. எங்க வாசலுக்கு நீங்க வரணும்னு எழுதியிருக்கு பாருங்க. இந்தக் கல்யாணமே உங்க கைராசிதான். இருங்க, பால் வாங்கிட்டு வந்துர்றேன்."

கைராசி என்றதைத் தெய்வானை மரியாதைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டாள்.

பேச்சி உள்ளே இருந்து வந்தாள். சேலை அவளுக்கு நிற்கவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்காமல் இருந்தது. அவள் தெய்வானையின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். கார்னரில் நிற்கிறவர்களுக்கு அதுதான் பழக்கம்.

"வலது கால் இழுக்குதேக்கா. சுளுக்கா?"

தெய்வானை அந்தச் சுளுக்கைப் பற்றி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவள் எழுந்து பேச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் காய்ப்பு. முன்னாலும் காய்ப்பு உண்டு, அது மண்ணில் விழுந்து எழுந்த காய்ப்பு.

"ஏன்டி பேச்சி, ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாதா? மாஸ்டர் வீட்டுக்கு ஓடி வந்திருக்கலாம்ல? என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

பேச்சி புரியாமல் பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதானேக்கா குடுத்தீங்க?"

"எதை?"

"தட்டை."

"எந்தத் தட்டு?"

"என் சடங்கு அன்னைக்கு. மாமா தட்டை எடுத்து அப்பா கையில குடுத்தீங்க. அப்பா தட்டை எடுத்து மாமா கையில குடுத்தீங்க. அன்னைக்குத்தானேக்கா நிச்சயம் ஆச்சு."

தெய்வானைக்குச் சட்டென்று எல்லாம் நினைவுக்கு வந்தது.

பேச்சி பெரிய மனுஷியானபோது அவள் அப்பன் வீடு தேடி வந்து அழைத்தான். தூதரானவள் சின்னப் பிள்ளைக் கல்யாணத்துக்குத்தான் போகக்கூடாது, சடங்குக்குப் போனால் என்ன என்று அவளும் போனாள். வாசலில் பேச்சி படத்துக்குப் பக்கத்தில் அவள் படத்தையும் போட்டு பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீர் வந்து இறங்கியது. பழத்தட்டு, பூத்தட்டு, சேலைத்தட்டு, பலகாரத்தட்டு என்று பந்தல் முழுக்கத் தட்டுதான். எல்லாம் ஓய்ந்து சொந்தக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் எழுந்து, "நம்ம ஊருக்குப் பேர் வாங்கிக் குடுத்த புள்ள வந்திருக்கு. அது கையால நடக்கட்டுமே" என்றார். இரண்டு தட்டு கொண்டுவந்தார்கள். வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ. இதையும் சீர் என்றுதான் அவள் நினைத்தாள். அத்தனை தட்டுக்கு நடுவில் இந்த இரண்டு தட்டு எதற்கு என்று அவள் யாரையும் கேட்கவில்லை. மாலை போட்ட கழுத்தோடு, சிரித்த முகமாக, இதை எடுத்து அவரிடம், அதை எடுத்து இவரிடம் கொடுத்தாள். போட்டோ எடுத்தார்கள். குலவை போட்டார்கள். அவளுக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் கொடுமை.

"எனக்கு மொதல்லயே தெரியும்க்கா, அம்மா காலையில சொல்லிருச்சு" என்றாள் பேச்சி. "அழுதுக்கிட்டேதான் உக்காந்திருந்தேன். நீங்க வந்ததும், அக்கா பாத்துக்கும்னு தைரியம் வந்துச்சு. உங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்தீங்க. அக்காவே குடுக்குதுன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அப்புறம் நான் அழல."

தெய்வானை மெதுவாகக் கேட்டாள்.

"ஊரெல்லாம் போஸ்டர் இருக்கேடி. அதுல என்ன போட்டிருக்குன்னு நீ படிச்சதில்லையா?"

"படிச்சேன்க்கா. அது மத்தவங்களுக்குன்னு நெனச்சேன்."

மாமியார் பாலோடு வந்துவிட்டாள். காபி போடச் சொல்லிப் பேச்சியை உள்ளே அனுப்பினாள். பேச்சி காபியை ஆற்றி, நுரையோடு, அக்காவுக்கு முதலில் கொடுத்தாள். அவர்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்து, தெய்வானைக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏதும் கோவமில்லியேக்கா?" என்றாள். அதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லி உள்ளே இருந்து சத்தம் வந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

ஊர் எல்லை தாண்டியதும் தெய்வானை வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி வாய்க்கால் ஓரமாகப் போய் நின்றாள். தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். மாஸ்டர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாஸ்டர்?"

"கல்யாணம் முடிஞ்சப்புறம் தெரியும். அவ அப்பன்கிட்டச் சண்டைக்குப் போனேன். போனை எடுத்து நீ தட்டு குடுக்கிற படத்தைக் காட்டுனான். தெய்வானையே முன்ன நின்னு நடத்திருக்கு, உனக்கென்ன வந்துச்சுன்னு கேட்டான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கயும் வந்து அதே படத்தைக் காட்டுனான். என்னைய வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருப்ப."

தெய்வானை முகத்தைச் சால்வையில் துடைத்தாள்.

"தெரியாமத்தானே மாஸ்டர் குடுத்தேன்? சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாமத்தான் குடுத்த."

"யாருமே நான் சொன்னதைக் கேக்கலைன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"ஒருத்தி கேட்டிருக்கா" என்றார் மாஸ்டர்.

வயலில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. பால்காரர் ஒருவர் சைக்கிளில் போகும்போது தெய்வானையை அடையாளம் கண்டு, சிரித்து, கும்பிட்டுவிட்டுப் போனார். அவளும் பழக்கத்தில் கும்பிட்டாள். கும்பிட்ட கையைக் கீழே இறக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நான் இப்பப் போயி, அது தப்பு, என்கூட வந்துருன்னு சொன்னா வருவாளா?"

"வருவா."

"அவ அப்பன் வீட்ல சேக்கமாட்டானே."

"சேக்கமாட்டான்."

"என் குவாட்டர்ஸ்ல இருக்கட்டும். நான் படிக்க வைக்கிறேன். வண்டியத் திருப்புங்க மாஸ்டர்."

மாஸ்டர் வண்டியைத் திருப்பவில்லை.

"கூட்டிக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குத்தான் போகணும்" என்றார். "யாரு நிச்சயம் பண்ணுனதுன்னு கேப்பாங்க. அவன் படத்தை எடுத்து வைப்பான்."

தெய்வானை தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்தாள்.

"நாந்தான்னு சொல்லணுமா?"

"வேற யாரு சொல்ல முடியும்?"

"எம்மேலயும் கேஸ் வரும்."

"வரலாம்."

"பேப்பர்ல போடுவாங்க மாஸ்டர். டீம்ல எடுக்கமாட்டாங்க. போஸ்டரையெல்லாம் கிழிச்சுருவாங்க."

மாஸ்டர் நல்ல காலால் கிக்கரை மிதித்தார். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது.

"கிழிக்கட்டும்" என்றார். "அதைப் பாத்து ஒரு கல்யாணமும் நிக்கல."

தெய்வானை பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பேச்சி வீட்டுக்கா, பொட்டலுக்கா, எந்தப் பக்கம் போகட்டும் என்று மாஸ்டர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வண்டி உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது.