ஆணையிடாத சாட்சி

ஈச்சமடுவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த குமிழி என்ற நீர்நாய், பொழுது புலரும் வேளையில் அந்தத் திருட்டைத் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

மடுவின் கரையிலிருந்த புதரில் சாத்தாயி என்ற காட்டுக்கோழி ஐந்து முட்டைகள் இட்டு அடைகாத்து வந்தாள். அவள் இரை பொறுக்கப் போன சிறிது நேரத்தில் செங்கண்ணன் என்ற செம்போத்து புதருக்குள் நுழைந்தான். மூன்று முட்டைகளை அங்கேயே உடைத்துக் குடித்தான். மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாகக் கவ்வி, பக்கத்துத் தாழம்புதருக்குள் கொண்டுபோனான். குமிழி நடு மடுவிலிருந்து சத்தம் போட்டபடியே நீந்தி வந்தாள். அவள் கரை ஏறுவதற்குள் அவன் பறந்துவிட்டான்.

சாத்தாயியிடம் சொல்லிவிட வேண்டும் என்று குமிழி கரையோரமாக ஓடினாள். அவள் ஒரு பக்கம் தேட, சாத்தாயி மறுபக்கமாகக் கூட்டுக்குத் திரும்பிவிட்டாள். அங்கே செவலை என்ற கீரி உடைந்த ஓடுகளை முகர்ந்துகொண்டு நின்றான். அவன் மூக்கில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. வாசனை பிடித்து அப்போதுதான் வந்தவன் அவன். ஆனால் முட்டையை நான் தொடவில்லை என்று ஒரு கீரி சொன்னால் யார் நம்புவார்கள்?

சாத்தாயி அலறிய அலறலில் காடே கூடிவிட்டது. செவலையை மருத மரத்தடிக்கு இழுத்துப் போனார்கள்.

அங்கேதான் அந்தக் காட்டின் வழக்குகள் நடக்கும். கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர் கரியன் என்ற காட்டெருது. யாருக்கும் பயப்படாதவர், யாரையும் அவமதிக்காதவர். மரத்தடியில் மான் உயரத்துக்கு ஒரு சிவப்புக் கல் இருந்தது. விலங்குகள் அதைக் கல்லாத்தா என்று கும்பிட்டன. கரியனும் தினமும் காலையில் தன் நெற்றியை அந்தக் கல்லில் வைத்து வணங்கிவிட்டுத்தான் புல்லில் வாய் வைப்பார். சாட்சி சொல்ல வருகிறவர் கல்லின்மேல் கை வைத்து, கல்லாத்தாமேல் ஆணையிட வேண்டும். ஆணையிடாதவர் சொல்லைக் கேட்கக் கூடாது. இதுதான் சட்டம்.

யாராவது பார்த்தீர்களா என்று கரியன் கேட்டார். செங்கண்ணன் பறந்து வந்து கல்லின்மேல் உட்கார்ந்தான். செம்போத்து குறுக்கே வந்தால் நல்ல சகுனம் என்று மற்ற விலங்குகள் அவனை மதித்து வந்தன. தினமும் கல்லைச் சுற்றிவந்து பாடுகிறவனும் அவனே. அவன் கண்ணை மூடி, குரல் தழுதழுக்க ஆணையிட்டான். கீரி முட்டை குடித்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னான். கூட்டம் உச்சுக் கொட்டியது.

செவலையும் அதே கல்லின்மேல் கை வைத்து, தான் குற்றமற்றவன் என்று ஆணையிட்டான். உயிருக்குப் பயந்தவன் எதையும் சொல்வான் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

முட்டை திருடியவனைக் குடும்பத்தோடு மலைக்கு அப்பாலுள்ள பொட்டலுக்கு அனுப்புவது அங்கே தண்டனை. பொட்டலில் ஒளிய ஒரு செடிகூடக் கிடையாது. மேலே கழுகுகள் வட்டமிட்டபடியே இருக்கும். செவலைக்கு இன்னும் கண் திறக்காத இரண்டு குட்டிகள் இருந்தன.

அந்த நேரத்தில் குமிழி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். நடந்ததைத் தான் பார்த்ததாகவும், திருடன் செவலை இல்லை என்றும் சொன்னாள். கரியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் திருடனின் பெயரைச் சொல்வதற்குள், கல்லின்மேல் கை வைத்து ஆணையிட்டுவிட்டுச் சொல்லும்படி கேட்டார்.

குமிழி கையை நீட்டவில்லை.

"ஐயா, நான் ஆணையிட மாட்டேன். எங்கள் சமயத்தில் அது கூடாது. ஆணையிடாமலே உண்மையைச் சொல்கிறேன்" என்றாள்.

நீர்நாய்கள் மூன்று தலைமுறைக்கு முன்னால் ஆற்றின் வழியே அந்தக் காட்டுக்கு வந்தவை. ஓடுகிற நீரே அவற்றின் தெய்வம். பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் அந்த நீர் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அவை நம்பின. எந்தத் தெய்வத்தின் பெயரிலும் அவை ஆணையிடுவதில்லை. ஒரு சொல்லுக்கு மட்டும் ஆணையிட்டால், மற்றச் சொற்களில் பொய் சொல்லலாம் என்று ஆகிவிடும் அல்லவா?

கூட்டம் கொதித்தது. கல்லாத்தாவை இவள் அவமதிக்கிறாள் என்றன காட்டுப்பன்றிகள். கல்லுக்குப் பயப்படாதவள்தான் முட்டையைத் தின்றிருப்பாளோ, யார் கண்டது என்று செங்கண்ணன் மெதுவாகப் பக்கத்தில் இருந்தவர்களிடம் போட்டு வைத்தான். கரியன் எல்லாரையும் அடக்கினார். ஆனால் சட்டத்தை மீற அவருக்கும் மனம் வரவில்லை. ஆணை இல்லாமல் சாட்சி இல்லை என்று சொல்லிவிட்டார். வேறு சாட்சி வருமா என்று மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். அதன்படி மூன்றாம் நாளுக்குத் தீர்ப்பைத் தள்ளி வைத்தார்.

குமிழி வளைக்குத் திரும்பியபோது வளையின் வாசல் இடிந்து கிடந்தது. பன்றிகளின் கால்தடம் சேற்றில் தெளிவாகத் தெரிந்தது. அவளுடைய அண்ணன் துடுப்பன் மண்ணை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தான். அவன் கோபம் பன்றிகள்மேல் பாதி, தங்கைமேல் பாதி. கீரிக்கும் கோழிக்கும் நடுவில் நமக்கு என்ன வேலை என்று கேட்டான். பிழைக்க வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் உதட்டளவில் ஆணையிட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்றான்.

குமிழி அவனோடு சேர்ந்து மண் அள்ளினாள். மறுநாள் விடிந்ததும் மருத மரத்தடிக்குப் போய்க் கரியன் முன்னால் நின்றாள்.

ஆணை எதற்காக என்று அவரிடம் கேட்டாள். பொய் சொல்ல வருகிற நாக்கைப் பயம் பிடித்து நிறுத்த வேண்டும், அதற்காகத்தான் என்றார் அவர். அப்படியானால் எனக்கு எதில் பயமோ அதை என்மேல் வையுங்கள் என்றாள் குமிழி. தான் சொல்வது பொய் என்று தெரிந்தால், செவலைக்கு உரிய தண்டனையைத் தனக்கே கொடுக்கட்டும் என்றாள். நீரைவிட்டால் நீர்நாய்க்கு வாழ்வு இல்லை. பொட்டலில் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டாள். அது கரியனுக்கும் தெரியும்.

அவர் நெடுநேரம் அசை போட்டார். பிறகு தலையை ஆட்டினார். உனக்காகச் சட்டத்தை வளைத்தால் நாளைக்கு ஒவ்வொருவரும் ஒரு சாமியைச் சொல்லிக்கொண்டு வருவார்கள், நான் எதை வைத்து வழக்குக் கேட்பது என்றார். அதில் நியாயம் இருப்பது குமிழிக்கும் புரிந்தது. ஆனாலும் நாளைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அன்று மாலை செவலையின் மனைவி தவிடி ஆற்றங்கரைக்கு வந்தாள். தன் இரண்டு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விவந்து குமிழியின் காலடியில் இறக்கி வைத்தாள்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை. ஒரு தடவை கல்லைத் தொட்டுச் சொல்லிவிடு. உன் சாமி உன்னை மன்னிக்காதா?"

குட்டிகள் பாலுக்கு மண்ணை முட்டிக்கொண்டிருந்தன. குமிழிக்கும் வளைக்குள் மூன்று குட்டிகள் இருந்தன. தொட்டால்தான் என்ன என்று அந்த ஒரு கணம் அவளுக்கே தோன்றியது. ஆற்றைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, தவிடியின் தோளில் கை வைத்தாள்.

"தவிடி, அந்தக் கல்லை நான் நம்பவில்லை. நம்பாத கல்மேல் கை வைத்தால் அதுவே நான் சொல்லும் முதல் பொய். பொய்யில் தொடங்குகிற சாட்சியை வைத்து உன் புருஷனை எப்படிக் காப்பாற்றுவேன்? ஆனால் ஒன்று சொல்கிறேன். என்னைக் கேட்கும்வரை நான் அந்த மரத்தடிக்குப் போவதை விடப் போவதில்லை."

தவிடி குட்டிகளைத் தூக்கிக்கொண்டு அழுதபடி போனாள்.

மூன்றாம் நாள் காலையில் கூட்டம் கூடுவதற்கு முன்பே குமிழி மரத்தடியில் நின்றாள். பன்றிகள் உறுமின. ஒரு பன்றி வேண்டுமென்றே அவள்மேல் இடித்துக்கொண்டு போனது. அவள் விழுந்து எழுந்து அதே இடத்தில் நின்றாள்.

கரியன் வந்து உட்கார்ந்ததும், வேறு சாட்சி இல்லையே, தீர்ப்பைச் சொல்லுங்கள் என்று செங்கண்ணன் அவசரப்படுத்தினான். குமிழி மூன்றாம் முறையாகத் தன் கோரிக்கையைச் சொன்னாள். கரியன் வாயைத் திறப்பதற்குள், இதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் ஓரமாக இருந்த சாத்தாயி முன்னால் வந்தாள். மூன்று நாளாக இரை எடுக்காமல் அவள் பாதியாகிவிட்டிருந்தாள்.

"ஐயா, போனது என் முட்டை. கல்லாத்தாவைக் கும்பிடுகிறவள்தான் நானும். ஆனால் என் முட்டையைத் தின்றது யார் என்றுதான் நான் இங்கே கேட்க வந்தேன். இவள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாள் என்று கேட்க வரவில்லை. பார்த்தேன் என்று ஒருத்தி மூன்று நாளாக நிற்கிறாள். அவள் சொல்வதைக் கேட்காமல் செவலையை அனுப்பிவிட்டால், என் பிள்ளைகளைத் தின்றவன் என் பக்கத்திலேயே இருப்பானோ என்று நான் காலமெல்லாம் பயந்து சாக வேண்டும். கேளுங்கள் ஐயா."

மரத்தடியில் சத்தம் அடங்கியது.

கரியன் எழுந்து கல்லருகே போனார். வழக்கம்போல நெற்றியை அதன்மேல் வைத்தார். நிமிர்ந்து திரும்பியபோது அவர் முகத்தில் குழப்பம் இல்லை.

"கல்லாத்தா என் தெய்வம். இன்றும் என் தெய்வம்தான். ஆனால் இந்த மரத்தடி, கல்லாத்தாவைக் கும்பிடுகிறவர்களுக்கு மட்டும் உரியது இல்லை. காட்டில் உள்ள எல்லாருக்கும் உரியது. பொய் சொன்னால் பொட்டலுக்குப் போகிறேன் என்று இவள் தன் உயிரையே பிணையாக வைக்கிறாள். அது எனக்குப் போதும். சொல் அம்மா."

இது தெய்வக் குற்றம் என்று செங்கண்ணன் கத்தினான். குற்றமானால் அது என் தலைமேல் இருக்கட்டும் என்றார் கரியன்.

குமிழி பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னாள். எத்தனை முட்டை, எந்த வேளை, எந்தப் பக்கம் என்று எல்லாம் சொன்னாள். செங்கண்ணன் பெயர் வந்ததும் கூட்டம் திடுக்கிட்டது. அவன் உடனே கல்லின்மேல் பாய்ந்து ஏறி, மறுபடியும் ஆணையிடத் தொடங்கினான். கரியன் அவனை இறங்கச் சொன்னார். ஆணையைக் கேட்டாயிற்று, இனி இடத்தைப் பார்ப்போம் என்று சொல்லித் தாழம்புதரை நோக்கி நடந்தார். எல்லாரும் பின்னால் போனார்கள்.

முள்ளுக்கு அஞ்சாத கரியன் கொம்பால் தாழையை விலக்கினார். உள்ளே இரண்டு முட்டை ஓடுகள் கிடந்தன. ஓடுகளைச் சுற்றிச் செங்கண்ணனின் சிறகு நிறத்திலேயே செம்பழுப்பு இறகுகள் உதிர்ந்து கிடந்தன. கீரி உடம்பில் ஏது இறகு? சாத்தாயி ஓடுகளின் அருகே போய்ப் படுத்துவிட்டாள். அவளை யாரும் எழுப்பவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் செங்கண்ணன் பொட்டலுக்குத் துரத்தப்பட்டான். செவலையிடம் கரியனே நேரில் மன்னிப்புக் கேட்டார். அன்றே சட்டத்தையும் திருத்தினார். கல்லாத்தாவை நம்புகிறவர் கல்லாத்தாமேல் ஆணையிடலாம். நம்பாதவர், பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று உறுதி சொன்னால் போதும். யார் பொய் சொன்னாலும் ஒரே தண்டனை.

பன்றிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் அவை மரத்தடிப் பக்கமே வரவில்லை. துடுப்பன் மட்டும் தங்கையிடம், நானாக இருந்தால் பயந்துபோய் முதல் நாளே கல்லைத் தொட்டிருப்பேன் என்று ஒப்புக்கொண்டான். தவிடி தன் குட்டிகளுக்குக் கண் திறந்த அன்று அவற்றை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, இதுதான் உங்கள் பெரியம்மா என்று குமிழியைக் காட்டினாள்.

தெய்வத்தை அவரவர் நெஞ்சுக்கு விட்டுவிட்டு, உண்மையை மட்டும் எல்லாரிடமும் ஒரேபோலக் கேட்பதே நீதி.