ஒன்பது பட்டன் போர்டு

"இந்தக் கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, தங்கச்சி?"

தவசிமுத்து செம்புப் போர்டு ஆறையும் மேசையில் தொப்பென்று போட்டார். ஆறும் பாழ். செம்புக் கோடெல்லாம் அரித்துப் போய், பாதியில் அறுந்து கிடந்தன.

ஜெசிந்தா தலை நிமிரவில்லை. தூத்துக்குடியில் பெயர்ப்பலகை வெட்டும் கடை அவளுடையது. அவளுக்கு முப்பத்தெட்டு, அவருக்கு ஐம்பத்தேழு. முப்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மனுஷன், கம்ப்யூட்டர் சொன்னபடி வெட்டுகிற குட்டி சிஎன்சி மெஷின் ஒன்றை வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டு, சர்க்யூட் போர்டு வெட்டப் பழக இவளைக் குருவாகப் பிடித்தார். பிடித்த நாளிலிருந்து ரெண்டு பேருக்கும் நிம்மதி கிடையாது.

"ஒரு சாஃப்ட்வேர்ல படம் வரைஞ்சேன். இன்னொண்ணுல அதை மெஷின் போற பாதையா மாத்தினேன். ஸ்க்ரீன்ல பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம். வெட்டினா நாசம்! இலவசமாக் கிடைக்குன்னா இப்படியா கழுத்தறுக்கும்?"

"கடைசியா என்னத்த மாத்தினீங்க?"

"எல்லாத்தையும் மாத்தினேன்!"

"வெளங்கிரும்," என்றாள் ஜெசிந்தா.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை அவர் மனைவி முத்துக்கனிக்குத் தொண்டையில் ஆபரேஷன். புற்று. அதற்குப் பிறகு பேச முடியாது. அவளுக்கு விரல் நடுங்குவதால் போனைத் தொட்டால் ஒன்று கிடக்க ஒன்று அமுங்குகிறது. அதற்காகத்தான் ஒன்பது பெரிய பட்டன் வைத்து ஒரு பெட்டி. பட்டனை அமுக்கினால் அவள் குரலே பேசும். தண்ணி வேணும். வலிக்கு. ஃபேனைக் குறைங்க. ஒன்பதாவது, "கொஞ்ச நேரம் சும்மா இருங்க." அது அவருக்கென்றே பதிந்து கொடுத்தது.

இன்றைக்குச் செவ்வாய்.

"பிட்டைக் கொண்டாந்தீங்களா?"

சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். பஞ்சுக்குள், செம்பைக் கீறுகிற ஊசிமுனைப் பிட். ஜெசிந்தா அதைத் தன் மெஷினில் மாட்டி, பாழான போர்டின் ஓரத்தில் ஒரே ஒரு கோடு கீறினாள். உள்ளே அளவு போட்ட பூதக்கண்ணாடியை நீட்டினாள்.

"அளங்க."

குனிந்து அளந்தார். "பாயிண்ட் மூணு மில்லி."

"கம்ப்யூட்டர்ல பிட்டோட அகலம் என்னன்னு சொல்லியிருக்கீங்க?"

தவசிமுத்து ஃபேனைப் பார்த்தார்.

"அண்ணாச்சி."

"பாயிண்ட் ஒண்ணு."

"ஏன்?"

"பின்ன என்ன செய்ய? உள்ளதைச் சொன்னா, நெருங்கின ரெண்டு கோட்டுக்கு நடுவுல நுழைய முடியாதுன்னு வெட்டாமலே விட்டுருது. ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்கி. பாயிண்ட் ஒண்ணுன்னு போட்டேன். மறுபேச்சு பேசல. படமும் லட்சணமா வந்துச்சு."

"ஆக, நம்பிருச்சு."

"நம்பிருச்சு."

"அப்ப கண்ணு அவிஞ்சது அதுக்கா?"

அவர் ஒரு போர்டை எடுத்து, அறுந்த கோட்டை நகத்தால் சுரண்டினார். 

"பிட்டு மூணு பங்கு அகலமா வெட்டி, கோட்டையே தின்னுருச்சு. உள்ள அளவைப் போட்டு மொதல்ல இருந்து வரைங்க. கோட்டுக்குக் கோடு தள்ளிப் போடுங்க. போர்டு பெருசாகும், ஆகட்டும்."

"மொதல்ல இருந்தா? மூணு நாள்லயா? நீ எல்லாம் ஒரு குரு!"

"பெரிய போர்டுன்னா இன்னும் இருபது பட்டன் வைக்கலாமே. ஏன் ஒன்பதோட நிறுத்துனீங்க?"

"அவதான் போதும்னுட்டா. மக பேரைச் சொல்லிக் கூப்பிடுற மாதிரி ஒண்ணு பதிஞ்சு குடுன்னு கெஞ்சினேன். மூணு மாசம்தானே, குரல் வந்ததும் நேரயே கூப்பிட்டுக்கிடுதேன்னு சிரிக்கா."

"மூணு மாசம்னு டாக்டர் சொன்னாரா?"

தவசிமுத்து தீப்பெட்டியை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார்.

"டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னது வேற. குரல்வளையையே எடுத்துருவாங்களாம். திரும்பாதாம்." தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டார். "அழுவாளே தங்கச்சி. அதான் நான் மூணு மாசம்னு சொல்லி வச்சேன்."

"அக்கா நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டா."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். அந்தப் பேச்சே வேண்டாம் என்பதுபோல் போர்டுகளை அவசர அவசரமாக அடுக்கினார்.

"அதை அப்புறம் பாத்துக்கிடலாம். இப்ப போர்டைச் சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படியாவது வெட்டியாகணும். அதுக்கு ஒரு வழி சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஜெசிந்தா மெஷினை அணைத்தாள்.

"போர்டை சனிக்கிழமையும் வெட்டலாம், அண்ணாச்சி. அக்கா குரலை சனிக்கிழமை பதிய முடியாது."

தவசிமுத்து பைக் சாவியைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.