பட்டியலைத் தலைகீழாகப் படித்த வௌவால்கள்

மேல்குளத்தங்கரை அத்திமரத்தில் வௌவால்கள் குடியேறி ஒரு வாரந்தான் ஆகியிருந்தது. அது அவற்றுக்குச் சும்மா கிடைத்த மரமன்று. ஆடி வென்ற மரம்.

அந்தக் காட்டில் ஆண்டுதோறும் சுரைக்குடுக்கைப் பந்தயம் நடக்கும். குடுக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்க வேண்டும். கூட்டாளிக்கு எறிவதானால் பின்பக்கமாகவே எறிய வேண்டும். பறக்கக் கூடாது. மேல்வட்டத்து எட்டு அணிகளும் குளத்தைச் சுற்றிப் பழமரங்களோடு வாழலாம். பருவ முடிவில் கடைசியாக வரும் அணி, கீழ்வட்டத்துக்கு இறங்கிக் கருவேலங்காட்டுக்குப் போக வேண்டும். கீழ்வட்டத்தில் முதலாவதாக வரும் அணி மேலே ஏறும்.

பின்னால் எறிவதில் வௌவால்களுக்கு நிகரில்லை. அதனால்தான் மேலே வந்தன. கீழ்வட்டத்தில் வென்ற அணியின் பெயரை நரி ஊளையிட்டுச் சொல்லிவிடும். மேல்வட்டத்திலோ மரங்கொத்தி வாரந்தோறும் எதிர்மரத்துப் பட்டையில் பட்டியலைக் கொத்தி வைக்கும்.

முதல் ஆட்டத்தில் வௌவால்கள் கீரிகளை வென்றன. தலைவர் கருஞ்சிறகன் கிளையில் தொங்கியபடியே பட்டியலைப் பார்த்தது. உச்சியில் இருந்த தன் அணியின் பெயர் அதன் கண்ணுக்கு அடியில் தெரிந்தது.

"வென்ற நம்மைக் கடைசியில் போட்டிருக்கிறார்களே!" என்று அது திடுக்கிட்டது.

அந்தக் கவலையிலேயே அடுத்த மூன்று ஆட்டங்களிலும் தோற்றன. இப்போது அணியின் பெயர், கருஞ்சிறகன் கண்ணுக்கு, உச்சியில் இருந்தது.

"புரிந்துவிட்டது. மேல்வட்டம் நாகரிகமானது. இங்கே விட்டுக்கொடுப்பவர்க்கே முதலிடம்" என்றது கருஞ்சிறகன்.

துணைத்தலைவி சுருளிக்கு மனம் ஒப்பவில்லை. "தலைவரே, எழுத்தெல்லாம் தலைகீழாக இருக்கிறதே. ஒருமுறை தரையில் இறங்கிப் பார்த்துவிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். அந்த மரங்கொத்திக்கு நேராக எழுத வராது. அதற்காக நாம் ஏன் இறங்க வேண்டும்?"

"நமக்கு இரண்டே புள்ளிகள். கீரிகளுக்கு ஆறு."

"அவை குற்றப் புள்ளிகள், சுருளி. கீரிகள் எவ்வளவு முரடு என்று நீயே பார்த்தாய் அல்லவா?"

அன்றுமுதல் தோற்பதற்குப் பயிற்சி தொடங்கியது. குடுக்கையை நழுவவிடப் பழகின. கால் தடுக்கி விழப் பழகின. எதிரணி நெருங்கினால் வழிவிட்டு, "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்கவும் பழகின.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. எதிரணி காட்டுப்பன்றிகள். அவற்றுக்கு மூன்று புள்ளிகள். வௌவால்களுக்கு அதே இரண்டு. வென்றால் இரண்டு புள்ளிகள் சேரும்.

பன்றித்தலைவன் கூர்பல்லன் நடுங்கிக்கொண்டே வந்தது. "என்ன ஐயா, இன்று நம் இருவரில் ஒருவர்தானே?"

"ஆமாம். நாங்கள்தான். நீங்கள் மனம் தளராதீர்கள், தம்பி. இரண்டாம் இடமும் பெருமைதான்" என்று கருஞ்சிறகன் அதன் முதுகைத் தட்டியது.

கூர்பல்லன் தன் அணியிடம் திரும்பி, "பாவம், அந்த ஆளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது" என்றது.

ஆனால் பன்றிகளுக்கு வெல்லவே தெரியவில்லை. குடுக்கையைச் சேற்றில் தவறவிட்டன. வௌவால்கள் அதைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தன. மறுபடியும் தவறவிட்டன. இருபக்கமும் ஒன்றுமில்லாமல் கடைசி நிமிடம் வந்தது.

அப்போது குடுக்கை உருண்டு வந்து சுருளியின் நகங்களில் சிக்கியது. முன்னால் ஒரு பன்றிகூட இல்லை. கோடு பத்தடி தூரம். சுருளி எதையும் யோசிக்கவில்லை. ஓடியது.

"நில்! எல்லாவற்றையும் கெடுத்துவிடாதே!" என்று அலறியபடி கருஞ்சிறகன் பின்னால் பாய்ந்து, தன் அணிக்காரியையே காலைப் பிடித்துக் கவிழ்த்தது. தெறித்த குடுக்கை கூர்பல்லனின் வாயில் செருகிக்கொண்டது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அது விழித்தது.

"இந்தப் பக்கம், தம்பி, இந்தப் பக்கம்" என்று கருஞ்சிறகனே கோடுவரை அழைத்துச் சென்றது.

பன்றிகள் வென்றன. வௌவால்கள் அத்திமரத்துக்குத் திரும்பி விருந்து தொடங்கின. பாதி விருந்தில் பதின்மூன்று உடும்புகள் தங்கள் மூட்டைகளோடு மரத்தடியில் வந்து நின்றன. "கீழ்வட்டத்தில் நாங்கள் முதல். மரத்தை எப்போது காலி செய்வீர்கள்?" என்றன.

கருஞ்சிறகன் சிரித்தது. "நாங்கள் மேல்வட்டத்தில் முதல்!"

"இறங்கி வந்து படியும்" என்றது மரங்கொத்தி.

கருஞ்சிறகன் இறங்கியது. தரையில் நின்று நிமிர்ந்து பார்த்தது. எழுத்துகள் எல்லாம் நேராக இருந்தன. அடிவரியில் அதன் அணியின் பெயர் இருந்தது.

"இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா, மரங்கொத்தியாரே?" என்று கேட்டது.

"மூன்று முறை வந்தேன். எனக்கு எழுதத் தெரியாது என்று சொல்லி, பழக்கொட்டையால் அடித்து விரட்டினீர்."

நொண்டியபடி கருவேலங்காட்டை நோக்கி முதலில் புறப்பட்டது சுருளிதான்.

தாம் இருக்கும் நிலையே நேரானது என்று நம்பி, ஒருமுறையேனும் இறங்கிவந்து பார்க்க மறுப்பவர், தம் வீழ்ச்சியையே வெற்றியென்று கொண்டாடுவர்.