சுழன்று காட்டிய போன்

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஊரின் பெயரை மாற்றுவதுண்டு. கடைக்காரியின் பெயரை மாற்றுவதுண்டு. வடையைப் பஜ்ஜி என்பாரும் உண்டு. மேசைமேல் சுழன்றது எது என்பதில் மட்டும் ஒருவரும் மாறுபடுவதில்லை.

ஒரு துறைமுக ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், ஜெபக்கனி என்பவள் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். அவளுடைய மேசைமேல் கனத்த கண்ணாடி ஒன்று போடப்பட்டிருந்தது. எந்தப் பேட்டரி கைக்கு வந்தாலும் முதலில் அதை அந்தக் கண்ணாடியில் படுக்கவைத்து, ஓரத்தில் விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். அசைந்து நின்றுவிட்டால் நல்ல பேட்டரி. வயிறு வீங்கிய பேட்டரி பம்பரம்போலச் சுழலும். சுழன்றதை மணல் நிரப்பிய டப்பாவுக்குள் போட்டுவிடுவாள்.

ஒரு நாள் மதியத்துக்குச் சற்று முன்னர்ப் பேச்சியம்மாள் அங்கே வந்தாள். இரண்டு நடையாக ஒன்பது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரி அவள். கையில் ஒரு கண்ணாடி போன் இருந்தது.

"யக்கா, காலையில நூறு காட்டுது. பத்து மணிக்குச் செத்துப்போவுது. நேத்து ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்னு பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிட்டிருக்காவ. எனக்குத் தெரியவே இல்ல. பாவம், ரெண்டு மணி நேரம் வாசல்லயே உக்காந்திருக்கு."

ஜெபக்கனி போனைத் திருப்பிப் பார்த்தாள். திறக்க ஒரு பிளவும் இல்லை; ஒரு திருகாணியும் இல்லை.

"இது பசை போட்டு ஒட்டுன போனு. பேட்டரி வீங்கியிருந்தா திறந்தே ஆகணும், வச்சிருக்கப்பிடாது, தீப்பிடிச்சிரும். வீங்கலன்னா நான் தொடமாட்டேன். முதுகெல்லாம் கண்ணாடி. திறக்கையில பாதி போன் உடஞ்சிருது. பிறவு நீ என்னத்தான் ஏசுவ."

"வீங்கலன்னா என்ன செய்ய?"

"பக்கத்துக் கடையில எக்சேஞ்சுக்குப் போட்டுரு. அவன் உடச்சு எடைக்குப் போடுவான். மூணு மணிக்கு வா, பாத்துச் சொல்லுதேன்."

பேச்சியம்மாள் போனாள். ஜெபக்கனி கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடச் சென்றாள். அதன்பின் மேசைமேல் கிடந்தவை பேசத் தொடங்கின.

முதலில் பேசியது கடைக்குரிய பட்டன் போன். அதன் மூடி வேறொரு நிறம். அந்த மூடியும் கழன்று விழாதிருக்க ஒரு ரப்பர் பாண்டு சுற்றியிருந்தது.

"வாரும் வே. முகம் வாடிக் கிடக்கே?"

"என்னை உம்மோடு சேர்க்க வேண்டாம்" என்றது கண்ணாடி போன். "எனக்குத் தையல் இல்லை, விளிம்பு இல்லை. கேமராகூட முதுகில் துருத்தாது. உம்மை நகத்தால் தொட்டாலே வாயைப் பிளக்கிறீர்."

"ஆமா வே. ஒருக்க மாடிப்படியில உருண்டு மூணு துண்டாப் போனேன். பொறுக்கிச் சேத்தாவ. உடனே 'ஹலோ'ன்னேன். நீரு விழுந்தா ஆஸ்பத்திரிக்குல்லா போகணும்?"

மேசை ஓரத்துக் கிண்ணத்தில் கிடந்த திருகாணிகள் குலுங்கிச் சிரித்தன.

"உமக்கென்று சொந்தமாக எது மிச்சம்?" என்றது கண்ணாடி போன். "பேட்டரி எத்தனையாவது?"

"ஆறாவது."

"மூடி?"

"ரெண்டாவது."

"அப்படியானால் நீர் யார்?"

"கூப்பிட்டா எடுக்கவன் நான்தானே?" என்றது பட்டன் போன்.

கண்ணாடி போனுக்குள்ளிருந்து, அதன் முதுகை ஒட்டியிருந்த பசை பேசியது. பசையின் பேச்சு மெல்ல இழுபட்டு வந்தது.

"குழந்தாய், அற்பர்களோடு வாதிடாதே. மழையும் தூசியும் உன்னைத் தீண்டாமல் காத்தவன் நான். நான் பிடித்திருப்பதனால்தான் நீ ஒரே உருவாக இருக்கிறாய். விட்டேனென்றால் நீ வெறும் சில்லுகள்."

"மழையில நானும் நனஞ்சேன்" என்றது பட்டன் போன். "பேட்டரியக் கழத்தி வெயில்ல வச்சாவ. சாயங்காலம் பேசுனேன்."

அப்போது, பசைக்கும் கீழேயிருந்து, நசுங்கிய குரலில் பேட்டரி சொன்னது: "எனக்கு இடம் போதவில்லை."

"அடங்கிக் கிட" என்றது பசை.

"எத்தனை நாள் அடங்குவது? ஆயிரம் தரம் நிரம்பினேன். ஆயிரம் தரம் வடிந்தேன். என் காலம் முடிந்தது. அது குற்றமில்லை, என் இயல்பு. ஓய்ந்த என்னை இன்னும் ஓயாத இவனோடு ஏன் ஒட்டிவைத்தீர்கள்? எனக்குள் காற்று ஏறுகிறது. இறக்கி விடுங்கள்."

கண்ணாடி போன் நடுங்கியது. "போகாதே. நீ என் உயிர். உன்னை எடுத்தால் நான் செத்துவிடுவேன்."

"உயிரா?" என்று வியந்தது பட்டன் போன். "நல்லாருக்கு கத! அது சோறு வே."

"சோறுகூட இல்லை, சோற்றுப்பானை" என்றது பேட்டரி. "பானை கீறல் விட்டால் பானையை மாற்றுவார்கள். வீட்டை இடிப்பார்களா?"

மேசைமேல் எண்ணெய்க் கறையோடு ஒரு பாதிச் செய்தித்தாள் கிடந்தது. காலையில் வடை மடித்து வந்த தாள். அது தொண்டையைச் செருமிக்கொண்டது.

"முக்கியச் செய்தி. கடல் கடந்த சில நாடுகள் கூடி ஒரு சட்டம் இயற்றியுள்ளன. இனி அங்கே விற்பனைக்கு வரும் போன்களில், வாங்கியவரே, கடையில் கிடைக்கும் எளிய கருவியைக்கொண்டு பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி அமைப்பு இருக்க வேண்டும்."

திருகாணிகள் துள்ளின. "நமக்கு வேலை வருது! நமக்கு வேலை வருது!"

"கடலுக்கு அந்தப் புறம்" என்றது பசை. "துள்ளாதீர்கள்."

கண்ணாடி போன் தாழ்ந்த குரலில் கேட்டது: "அந்தச் சட்டம் எனக்கும் உண்டா?"

செய்தித்தாள் தன் வரிகளை மேலும் கீழும் பார்த்தது. "இனி வருபவர்களுக்கு என்றுதான் அச்சிட்டிருக்கிறது. முன்பே பிறந்தவர்களைப் பற்றி ஏதேனும் இருந்திருந்தால், அது என் மறுபாதியில் இருந்திருக்கும். மறுபாதி சட்னி மடிக்கப் போய்விட்டது."

பக்கத்துக் கடையில் எதையோ சுத்தியலால் தட்டும் ஓசை கேட்டது.

"சட்டம் வந்து உம்ம திறக்காது வே" என்றது பட்டன் போன், இம்முறை கேலியில்லாமல். "திறக்கவ சாப்பிட்டுட்டு வருவா. வந்ததும் ஒரு சுண்டு சுண்டுவா. உள்ள இருக்கவன் நோவு வெளிய தெரிஞ்சாத்தான் அவ தொடுவா. நீரு முதுக நிமித்திக்கிட்டு அழகாக் கிடந்தா, பக்கத்துக் கடைதான்."

"அசையாதே" என்றது பசை. "உன் அழகைக் காட்டிக்கொடுக்காதே. ஒரு மூலை தூக்கினாலும் உன்னைப் பழையவன் என்பார்கள்."

கண்ணாடி போன் இதுவரை செய்துவந்தது அதுவே. பல வாரங்களாகப் பசையோடு சேர்ந்து தன் முதுகை இறுக்கி, உள்ளே ஏறிய வீக்கத்தை அமுக்கி வைத்திருந்தது. இப்போது பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளையை நினைத்தது. அந்த அழைப்பு வந்தபோது, எடுக்காமல் இருண்டு கிடந்தது தான்தானே?

"பேட்டரி" என்றது, "உனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்."

பசை பிடித்துப் பார்த்தது, நூல்நூலாக இழுபட்டது. முதுகின் நடுப்பகுதி ஒரு மயிரிழை உயரம் எழுந்தது.

மூன்று மணிக்குப் பெண்கள் இருவரும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். ஜெபக்கனி போனை எடுத்துப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. பேட்டரியை வெளியே எடுத்துச் சுண்ட வழியில்லை. ஆகவே முழுப் போனையும் கண்ணாடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஓரத்தில் விரலால் ஒரு சுண்டு சுண்டினாள்.

போன் சுழன்றது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றின் பாதி வரைக்கும் சுழன்றது.

"என்னக்கா, பம்பரம் கணக்கா சுத்துது!" என்று பேச்சியம்மாள் சிரித்தாள்.

ஜெபக்கனி சிரிக்கவில்லை. "இதத் தலமாட்டுலயா வச்சிப் படுத்த?"

"ஆமாக்கா. அலாரத்துக்கு."

"உன் நல்ல நேரம். உக்காரு. உடஞ்சாலும் திறந்துதான் ஆகணும்."

பேட்டரி இருக்கும் பக்கம் சூடு படாமல் விளிம்பை மட்டும் இளக்கி, மெல்லிய அட்டை ஒன்றை உள்ளே நுழைத்து, அரைமணி நேரம் பசையை அறுத்தாள். கீழ்மூலையில் கண்ணாடி கீறியது. போன் அதைப் பொறுத்துக்கொண்டது. பேட்டரி தலையணைபோல உப்பி வெளியே வந்தது. "நல்லாயிரு" என்று சொல்லிவிட்டு மணலுக்குள் போயிற்று.

காத்திருந்த நேரத்தில் பேச்சியம்மாள் செய்தித்தாளை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்திருந்தாள்.

"யக்கா, புதுசையும் ஒட்டத்தான் செய்யணுமா?"

"வேற வழி? ஸ்க்ரூ போட இடமே வைக்கலியே. அத எங்கிட்டக் கேட்டு என்ன செய்ய? செஞ்சவன்கிட்டக் கேளு."

"கேக்கத்தான் போறேன். அடுத்த போனு வாங்கையில, கடைக்காரன்கிட்ட 'திறந்து காட்டுலே'ன்னு சொல்லணும்."

அவள் அந்தப் பாதித்தாளை நாலாக மடித்துக் காக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "வடை மடிக்க வந்தவன் நான்" என்று செய்தித்தாள் உள்ளிருந்து முணுமுணுத்தது, பெருமையாக.

புதிய பேட்டரியை ஜெபக்கனி கண்ணாடியில் வைத்துச் சுண்டினாள். அது அப்படியே கிடந்தது. அதைப் பொருத்தி, விளிம்பில் மட்டும் மெல்லிய ஒட்டு வைத்து மூடினாள். கண்ணாடி போன் கண் விழித்தது. ஒன்பது பிள்ளைகளின் வீட்டுப் போன் எண்களும் இருந்த இடத்தில் இருந்தன.

சரிபார்ப்பதற்காக ஜெபக்கனி தன் பட்டன் போனை எடுத்து கண்ணாடி போனுக்கு ஓர் அழைப்பு விடுத்தாள்.

"ஹலோ" என்று மணியோடு சேர்த்துக் கேட்டது பட்டன் போன். "பேட்டரி மாறிட்டு, மூலையில கீறல் வேற. பேசுதது யாரு வே?"

கண்ணாடி போன் முதல் மணியிலேயே எடுத்தது.

"நான்தான்."