திம்பம் மேட்டில் நின்ற வண்டி

"எந்த வண்டியை நம்பி வாங்கலாமுங்கண்ணா?" என்று பாவாயி கேட்டாள்.

தீர்த்தகிரி அவளுக்குப் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"ஓட்டப் போறது யாரு?"

இன்னும் ஆள் பார்க்கவில்லை என்றாள். முதலில் வண்டி, அப்புறம்தானே டிரைவர் என்றாள்.

"ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

நாமக்கல் பக்கம் பழைய லாரி வாங்க நினைப்பவர்கள் தீர்த்தகிரியிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். ஒரு காலத்தில் பட்டறை வைத்திருந்தவர். இப்போது பட்டறையை மகள் பார்த்துக்கொள்கிறாள். இவர் வண்டி பார்த்துச் சொல்வதோடு சரி. அதற்குக் கூலி வாங்குவதில்லை. பேச்சும் குறைவு. ஊரில் பாதிப் பேர் அவரைச் சாமி என்றார்கள். மீதிப் பேர் கிறுக்கு என்றார்கள்.

பாவாயிக்கு அவர் எதுவாக இருந்தாலும் சரி. அவளுக்கு ஒரு பயம் இருந்தது.

அவள் புருஷன் மாதேஸ்வரன் இன்னொருத்தர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவன். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. வண்டியை மலைப்பக்கம் ஒடித்துப் பாறையில் மோதி நிறுத்தினான். பஸ்ஸில் இருந்த யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவனுக்கு இடது கால் போயிற்று.

பாவாயி அதற்காக அழுதது கொஞ்ச நாள்தான். பிறகு நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நசுங்கிய கேபினிலிருந்து அவனை இழுத்துப் போட்ட முகம் தெரியாத ஆட்களுக்கு, ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு, அந்தப் பாறைக்குக்கூட.

விபத்துக்கு வந்த பணத்தை என்ன செய்வது என்று யோசித்தபோது இருவருக்கும் லாரியைத் தவிர வேறு தொழில் தோன்றவில்லை. வாடகை பிடிப்பது, லோடு பேசுவது எல்லாம் மாதேஸ்வரனுக்குத் தெரியும். கால் இல்லாவிட்டாலும் போன் இருக்கிறது. வண்டி வாங்கலாம். ஆனால் அந்த வண்டி இன்னொருத்தி புருஷனை மலையில் கொண்டுபோய் மோதிவிட்டால்?

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எந்த வண்டியை நம்பலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு அலைந்தாள்.

மறுவாரம் செங்கோடனைக் கூட்டிக்கொண்டு போனாள். மாதேஸ்வரனோடு முன்பு ஓடிய டிரைவர். அதிர்ந்து பேசாதவன். கைக்குழந்தைக்காரன்.

தீர்த்தகிரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதல் வண்டி பைபாஸ் ஓரத்தில் நின்றது. புதுப் பெயின்ட். முகப்பில் மயில் வரைந்திருந்தது. டயரெல்லாம் புதுசு. பாவாயிக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

தீர்த்தகிரி சுற்றிக்கூட வரவில்லை. விற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது உங்களை எங்கே நிறுத்துச்சு?"

"நிறுத்துறதாவது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் ஓடின வண்டிங்க. ஒரு இடத்தில் நின்னதில்லை."

தீர்த்தகிரி கும்பிட்டு விடைபெற்றுக்கொண்டார்.

பானெட்டையாவது திறந்து பார்த்திருக்கலாமே என்று பாவாயி ஆட்டோவில் முணுமுணுத்தாள். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அடுத்த வண்டி திருச்செங்கோட்டில். அங்கேயும் அதே கேள்வி. என் வண்டியைக் குறை சொல்ல வந்தீர்களா என்று அந்த ஆள் சத்தம் போட்டார். தீர்த்தகிரி அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

பழசு வேண்டாம், புதுசே எடுத்துவிடலாம் என்று பாவாயி ஷோரூமுக்குக் கூட்டிப்போனாள். புது வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. ஷோரூம் ஆள் நிறையச் சொன்னார். தீர்த்தகிரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, ராய்ச்சூர் தாண்டி ஒரு காட்டு ரோட்டில் நின்றுபோனால் பழுது பார்க்க யார் வருவார்கள் என்று விசாரித்தார். அந்த ஆள் ஒரு கார்டை நீட்டினார். அதில் சென்னை நம்பர் இருந்தது.

தீர்த்தகிரி அதைச் செங்கோடனிடம் கொடுத்தார். செங்கோடன் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

பாவாயிக்குப் பொறுமை போயிற்று.

"நிக்காத வண்டின்னாலும் வேண்டாங்கறீங்க. புதுசுன்னாலும் வேண்டாங்கறீங்க. அப்புறம் எதைத்தானுங்கண்ணா வாங்கறது?"

"நாளைக்குச் சங்ககிரி போலாம்" என்றார் தீர்த்தகிரி.

சங்ககிரியில் ராக்கியண்ணன் என்று ஒருவர். சொந்த வண்டியைத் தானே ஓட்டியவர். கண்ணில் புரை விழுந்ததால் டாக்டர் இனி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். வண்டி வேப்பமர நிழலில் நின்றது. பெயின்ட் மங்கியிருந்தது. ஒரு பக்கக் கதவில் ஒட்டுப்போட்ட தகடு.

தீர்த்தகிரி தன் கேள்வியைக் கேட்டார்.

ராக்கியண்ணன் சிரித்தார். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு எல்லாரையும் உட்காரச் சொன்னார். பிறகு ஆரம்பித்தார். சித்திரை வெயிலில் நீள மேடு ஏறினால் என்ஜின் சூடாகும், பாதியில் ஒரு தடவை நிறுத்தி ஆறவிட வேண்டும். ஹூப்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை கிளட்ச் போய் ஒரு சோளக்காட்டு ஓரம் கிடந்தார், காட்டுக்காரர் வீட்டிலிருந்துதான் சோறு வந்தது. திம்பம் மலைப்பாதையில் இறங்குவதற்கு முன்னால் பலமுறை நின்றிருக்கிறார். காற்றுப் பிரேக், காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு முள் உண்டு. முள் கீழே இறங்கினால் வண்டியை இறக்கவே கூடாது. மேட்டிலேயே ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கேயே ஓரங்கட்டிவிட வேண்டும்.

எதை மாற்றினார், எதை மாற்றவில்லை என்றும் சொன்னார். பாவாயியைப் பார்த்துச் சொல்லவில்லை. செங்கோடனைப் பார்த்துச் சொன்னார். செங்கோடன் இடையிடையே கேள்வி கேட்டான். அவன் அவ்வளவு பேசி பாவாயி பார்த்ததே இல்லை.

பேச்சு முடிந்ததும் தீர்த்தகிரி சட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டார். வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெயில் சாயும் வரை வெளியே வரவில்லை.

வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். பாவாயியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இத்தனை குறை உள்ள வண்டியையா என்று அவளுக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

வண்டி கைமாறிய அன்று ராக்கியண்ணன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் இரண்டு பெண்ணுக்கும் கல்யாணம் செய்து வைத்தது இதுதான் என்று பாவாயியிடம் சொன்னார். வண்டியின் போக்கைச் சொல்லிக்கொடுக்கச் செங்கோடன் பக்கத்தில் உட்கார்ந்து ஈரோடு வரை போய்விட்டு, பஸ் ஏறித் திரும்பினார்.

முதல் லோடு மக்காச்சோளம். சாம்ராஜ்நகரிலிருந்து நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன மில்லுக்கு. மாதேஸ்வரன் ரொம்ப நாள் பேசிப் பிடித்த மில். நேரத்துக்கு வந்தால் தொடர்ந்து லோடு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் இறக்கிவிட வேண்டும்.

மத்தியானம் போன் வந்தது. செங்கோடன்.

"அக்கா, திம்பத்தில் நிக்கறேனுங்க. முள்ளு ஏற மாட்டேங்குது. கொஞ்சம் ஏறுது, மறுபடி இறங்கிடுது. மெதுவா இறங்கினா ஒருவேளை போயிடலாமுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அப்படிச் செய்யறேன்."

அவன் குரலில் இருந்தது பயம். மலையைப் பார்த்த பயம் இல்லை அது. அவளைப் பார்த்த பயம். முதல் லோடிலேயே வண்டியை நிறுத்திவிட்டோமே என்கிற பயம்.

அந்த மில்லின் பெயரைச் சொல்லித்தான் மாதேஸ்வரன் ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அங்கேயே நில்லு" என்றாள். "இறக்காதே. மில்லுக்கு நான் சொல்லிக்கறேன். மெக்கானிக் வர எத்தனை நேரமானாலும் பரவாயில்லை."

போனை வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் அன்னிக்குக் கூப்பிட்டேன்" என்றான்.

"யாரை?"

"முதலாளியை. தொப்பூர் மேட்டிலிருந்து. பிரேக்கு சரியில்லைன்னு சொன்னேன். அப்படியே மெதுவா இறங்கி வந்துருன்னாரு."

பாவாயி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொன்னா நீ அவரைத்தான் திட்டுவே. இறக்கினது நான்தானே."

வெளியே யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. பிறகு மாதேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் சாப்பிட்டானா என்று கேள் என்றான்.

செங்கோடன் சாப்பிட்டிருந்தான். டீக்கடைக்காரர் கதவில் இருந்த ஒட்டுத்தகட்டைப் பார்த்து, ராக்கியண்ணன் வண்டியா இது என்று கேட்டாராம். அவரே சத்தியமங்கலத்துக்குப் போன் போட்டு மெக்கானிக்கை வரச் சொன்னாராம். சாப்பாட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறாராம்.

மில் மேலாளரிடம் பாவாயி நடந்ததைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. ஆனால் அடுத்த லோடை வேறு வண்டிக்குச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். கோழிக்குப் பசித்தால் காத்திருக்காதும்மா என்றார். அவள் சரிங்க என்றாள்.

பொழுது சாய மெக்கானிக் வந்து சேர்ந்தார். பின்சக்கரப் பிரேக்குக்குள் காற்றைத் தாங்கும் ரப்பர் கிழிந்து போயிருந்தது. இரண்டு வளைவு இறங்கியிருந்தால் மொத்தமாக விட்டிருக்கும் என்று சொல்லி, கிழிந்ததைச் செங்கோடன் கையில் கொடுத்தார். மாற்றி முடிப்பதற்குள் இருட்டிவிட, வனத்துறையினர் மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள். செங்கோடன் மேட்டிலேயே படுத்துக்கொண்டான்.

மறுநாள் முற்பகலில் வண்டி நாமக்கல் வந்தது. மில்லில் சோளத்தை இறக்கிவிட்டு நேராகப் பாவாயி வீட்டு முன்னால் வந்து நின்றது.

செங்கோடன் மனைவி காலையிலேயே குழந்தையோடு வந்து காத்திருந்தாள். புருஷன் இறங்குவதைப் பார்த்ததும் அவனிடம் போகவில்லை. பாவாயியிடம் வந்தாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த அவரைக்காயை அவள் கையில் கொட்டினாள். பிறகு குழந்தையை அவளிடம் நீட்டினாள்.

பாவாயி குழந்தையை வாங்கிக்கொண்டாள். அது அவள் தோளில் தலை சாய்த்தது. அவளுக்குள் வெகுநாளாக இறுகிக் கிடந்த அந்தப் பயம் அப்போது தளர்ந்தது.

சாயங்காலம் தேங்காய் பழம் வெற்றிலையோடு பாவாயியும் மாதேஸ்வரனும் தீர்த்தகிரி வீட்டுக்குப் போனார்கள். மாதேஸ்வரன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பாவாயி தட்டை நீட்டினாள்.

"நல்ல வண்டியாப் பார்த்துக் குடுத்தீங்கண்ணா. உசுரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டோம்."

தீர்த்தகிரி தட்டை வாங்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முள் இறங்கியதை, டீக்கடைக்காரரை, கிழிந்த ரப்பரை, கையை விட்டுப் போன மில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவன் போன் பண்ணினப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

"அங்கேயே நில்லுன்னு சொன்னேனுங்க."

தீர்த்தகிரி எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

"அது நல்ல வண்டின்னு எனக்கே இப்பத்தான் அம்மிணி தெரியுது" என்றார்.